ஃபெல்ட் ரோஜா கிளிப்: கையாலேயே தைக்கலாம்

ஃபெல்ட் நெய்த துணி அல்ல. இழைகளை ஒன்றோடொன்று சிக்கவைத்து அழுத்தியது. அதனால் வெட்டிய ஓரம் பிரிவதில்லை, மடித்துத் தைக்கும் வேலையும் இல்லை. கடைகளில் பெரும்பாலும் பாலியஸ்டர் ஃபெல்ட்தான் கிடைக்கும். ரோஜாவுக்கு 1 மி.மீ. கனத்தில், மெத்தென்று இருப்பதாக வாங்குங்கள். விறைப்பானது சுருட்ட வராது.

தாளில் 9 செ.மீ. வட்டம் வெட்டி, ஃபெல்ட் மேல் செலோ டேப்பால் ஒட்டி, டேப்போடு சேர்த்து வெட்டுங்கள். பேனாக் கோடு போட்டால் வெளிர் நிறத்தில் பளிச்சென்று தெரியும். பிறகு வெளி ஓரத்தில் தொடங்கி, 1.5 செ.மீ. அகலத்தில், கொசுவத்திச் சுருள் போல உள்நோக்கி வெட்டிக்கொண்டே போங்கள். நடுவில் 2 செ.மீ. வட்டம் மிஞ்சட்டும். வெளி ஓரத்தை லேசாக வளைத்து வளைத்து வெட்டினால் இதழ்கள் உயிரோடு இருக்கும்.

வெளி முனையிலிருந்து சுருட்டுங்கள். முதல் இரண்டு சுற்று இறுக்கமாக: அதுதான் மொட்டு. அப்புறம் கையைத் தளர்த்துங்கள், இதழ் தானே விரியும். அடிப்பக்கம் ஒரே மட்டமாக இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். மிஞ்சிய வட்டத்தை அடியில் மூடி, எல்லாச் சுற்றும் ஊசியில் மாட்டும்படி குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து தையல் போடுங்கள்.

இனி கிளிப். பலர் சூடான பசையால் ஒட்டிவிடுகிறார்கள். வழுவழுப்பான தகட்டில் அது நாளடைவில் பெயர்ந்துவிடும், தைப்பதே நிலைக்கும். 5 செ.மீ. டிக்டாக் கிளிப்புக்கு, 6.5 செ.மீ. நீளமும் 3 செ.மீ. அகலமுமாகப் பச்சை ஃபெல்ட்டில் இரண்டு இலைகள் வெட்டுங்கள். ஒன்றில் ரோஜாவை இப்போதே தைத்துவிடுங்கள். மூடிய பிறகு ஊசி நுழையாது. இன்னொன்றில் கிளிப்பின் அகலமான முனை வரும் இடத்தில் குறுக்கே ஒரு கீறல். கிளிப்பைத் திறந்து, மேல் தகட்டைக் கீறல் வழியே உள்ளே செருகுங்கள். நாக்கு வெளியே நிற்கும். இரண்டு இலைகளையும் சேர்த்து, ஆறு இழை எம்ப்ராய்டரி நூலில் இரண்டு இழை மட்டும் பிரித்து, ஓரம் முழுக்க பிளாங்கெட் தையல் போடுங்கள். முடிச்சு உள்ளே மறையட்டும்.

மெல்லிய முடியில் வழுக்கினால், நாக்கின் உட்பக்கம் ஒரு மெல்லிய ஃபெல்ட் துண்டை ஒட்டுங்கள்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மணி, முத்து எதுவும் வேண்டாம். தூங்கும்போது கிளிப்பைக் கழற்றிவிடுங்கள். அழுக்கானால் ஈரத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் பாலியஸ்டர் உருகிவிடும்.