உப்புக் காற்றில் ஒரு மைக்ரோவேவ்

பாம்பனில் இரும்பின் ஆயுளை முடிவு செய்வது கடைக்காரர் தரும் வாரண்டி அல்ல, காற்று. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தைத் துருவிலிருந்து காப்பாற்ற வண்ணம் அடித்துக்கொண்டே இருந்தார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், பாலிசிலாக்சேன் என்கிற தனிப் பூச்சு என்று எத்தனையோ ஏற்பாடுகள். அப்படிப்பட்ட ஊரில், மெல்லிய தகட்டில் செய்த ஒரு மின்பெட்டியை வாங்கிச் சமையலறையில் வைக்கிறோம். என் மைக்ரோவேவோடு வந்த கையேட்டில் கேக் செய்யச் சொல்லித் தந்திருந்தார்கள். உப்புக் காற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. மீனைப் பற்றியும் பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் தெரிய வேண்டியவை அந்த இரண்டும்தான்.

முதலில் எங்கே வைப்பது என்பது. கடல் பக்கத்து ஜன்னலுக்கு நேரே வைக்கவே கூடாது. கச்சான் வீசும் மாதங்களில் எங்கள் ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரல் பிசுபிசுக்கும். அந்தக் காற்றைத்தான் மைக்ரோவேவின் உள்ளே இருக்கும் மின்விசிறி இழுத்து, சூடாகும் பாகங்கள்மேல் வீசுகிறது. உப்பு படிந்த இடத்தில் ஈரம் ஒட்டும், ஈரம் ஒட்டிய இடத்தில் துரு வரும். அதனால் உள்சுவர் ஓரமாக, அடுப்பின் ஆவியும் தொட்டியின் தண்ணீரும் படாத பலகையில் வைத்திருக்கிறேன். பின்னாலும் மேலேயும் கையளவு இடைவெளி. சூடு ஆறிய பிறகு ஒரு பருத்தித் துணியால் மூடுவேன். ஓடும்போது துணி இருக்கக் கூடாது. காற்றுத் துளைகள் அடைபட்டால் சூடு வெளியேற வழியில்லை.

துடைப்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. இங்கே பல வீடுகளில் ஆழ்குழாய்த் தண்ணீரே உப்பு. அதில் நனைத்த துணியால் துடைத்தால் உப்பைப் பூசிவிட்டது மாதிரிதான் ஆகும். நான் குடிதண்ணீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, கதவின் கீல், விளிம்பு, கண்ணாடித் தட்டுக்கு அடியில் சுழலும் வளையம் எல்லாவற்றையும் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பேன். சமைத்து முடித்ததும் ஆவி போகும்வரை கதவைக் கொஞ்சம் திறந்து வைப்பேன். அதற்குமேல் திறந்து கிடந்தால் பல்லி குடிவந்துவிடும்.

உள்சுவரில் வண்ணம் உரிந்து துரு தெரிந்தால் பயன்படுத்துவதை நிறுத்திவிட வேண்டும். அந்த இடத்தில்தான் தீப்பொறி கிளம்பும். உள்ளே பக்கச் சுவரில் அட்டை மாதிரி ஒரு சிறு தகடு தெரியும்; அது மைக்கா. அலைகள் வரும் வாசல் அது. வேண்டாத அட்டை என்று நினைத்துப் பிய்த்து எறிந்தவர்கள் உண்டு. எண்ணெயும் குழம்பும் தெறித்துப் படிந்தால் அது கருகும். ஒரு கிண்ணம் தண்ணீரில் அரை எலுமிச்சையைப் பிழிந்து, தோலையும் போட்டு, மூன்று நிமிடம் ஓடவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் துடைத்தால் கறையும் மீன் கவிச்சியும் சேர்ந்து போகும்.

மின்சாரத்துக்கு வருகிறேன். விளம்பரத்தில் 800 வாட் என்று இருந்தாலும் அது உணவுக்குப் போய்ச் சேரும் சக்தி. பின்பக்கத் தகட்டைப் பார்த்தால் மின்சாரம் இழுப்பது 1,200 வாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். ஆகவே பெரிய பவர் பிளக் வேண்டும். மிக்ஸி மாட்டும் சின்னப் பிளக்கிலோ எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ மாட்டக் கூடாது. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டவும் கூடாது, பெரும்பாலானவை இந்தச் சுமையைத் தாங்காது. எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். உப்பு மண்ணில் எர்த் குழாய் இற்றுப்போயிருந்தாலும் மேலே இருந்து பார்த்தால் தெரியாது.

பழுதானால் நீங்களாகத் திறக்கவே கூடாது. மற்ற சாமான்களில் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் பயம் தீர்ந்தது. இதில் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஃபேன், மிக்ஸி எல்லாம் நன்றாகச் சரிசெய்யும் கைராசிக்காரர் என்றாலும், மைக்ரோவேவ் வேலை தெரியாதவர் என்றால் அவர் கையில் கொடுக்காதீர்கள். அது அவருக்கே ஆபத்து.

இனி சமையல். இந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் பாதிச் சட்டங்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உள்ளே மேக்னட்ரான் என்ற குழாய் நொடிக்கு சுமார் 245 கோடி முறை அதிரும் அலைகளை உண்டாக்குகிறது. இரண்டாம் உலகப்போர்க் கால ரேடாருக்குப் பயன்பட்ட குழாய் அது. அமெரிக்காவில் ரேத்தியான் நிறுவனத்தில் அந்த வேலையில் இருந்த பெர்சி ஸ்பென்சர், பையில் இருந்த மிட்டாய் உருகியதைக் கவனித்தார். 1947-ல் ஓர் ஆள் உயரத்துக்கு முதல் மைக்ரோவேவ் அடுப்பு விற்பனைக்கு வந்தது. அந்த அலைகள் உணவில் உள்ள தண்ணீரைத்தான் முக்கியமாகச் சூடாக்குகின்றன, அதுவும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் வரைதான். அதற்கு உள்ளே சூடு மெல்லப் பரவித்தான் போக வேண்டும். தவிர, அலைகள் பெட்டிக்குள் எல்லா இடத்திலும் ஒரே அளவில் விழுவதில்லை. தட்டு சுழல்வதற்கு அதுதான் காரணம்.

இதிலிருந்தே வழிமுறைகள் வந்துவிடும். குவித்து வைக்காதீர்கள், பரப்பி வையுங்கள். ஆழமான கிண்ணத்தைவிட அகலமானது நல்லது. கனமான துண்டுகளை விளிம்பிலும் மெல்லியவற்றை நடுவிலும் வையுங்கள். பாதியில் நிறுத்திக் கிளறுங்கள். மணி அடித்ததும் எடுத்துப் பரிமாறாமல் இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில்தான் சூடு உள்ளே போய்ச் சேருகிறது.

பக்கத்து வீட்டுத் தங்கை கேட்டாள்: “அக்கா, தூக்குச் சட்டியோட அப்படியே உள்ள வச்சிரலாமா?”

“வைக்கக் கூடாதுத்தா. எவர்சில்வரைத் தாண்டி அலை உள்ள போகாது. குழம்பும் சுடாது, பொறி வேற பறக்கும்.”

எவர்சில்வர், அலுமினியம், ஜரிகைக் கோடு போட்ட பீங்கான், சில்வர் ஃபாயில், பொட்டலம் கட்டிய உலோகக் கம்பி எதுவும் கூடாது. மெலமைன் தட்டும் வேண்டாம். மண்சட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதால் சட்டியே கொதித்து விரிசல் விடலாம். போரோசிலிக்கேட் கண்ணாடிக் கிண்ணம் மூடியோடு இரண்டு இருந்தால் போதும், குடும்பத்தை ஓட்டிவிடலாம். கடைச் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையோடு வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. இன்னும் அது கண்ணில் படுகிறது என்பது வேறு விஷயம். எண்ணெய் மிதக்கும் சூட்டில் அந்தப் பை இளகும். கிண்ணத்தில் ஊற்றிவிட்டு வையுங்கள்.

மீன். இதற்காகத்தான் நான் இந்தப் பெட்டியை மெச்சுகிறேன். வறுக்க இது லாயக்கில்லை. எண்ணெயில் பொரிப்பதை முயலவே கூடாது, எண்ணெய்ச் சூடு கட்டுக்குள் நிற்காது, தீப்பிடிக்கும். ஆனால் ஆவியில் அவிப்பதற்கு இதை மிஞ்ச ஆளில்லை. சுறாப்புட்டுக்கு மீனை வேகவைப்பது இப்போது எங்கள் வீட்டில் இதில்தான். அரைக் கிலோ பால்சுறாத் துண்டுகள், மஞ்சள்தூள், இரண்டு கரண்டி தண்ணீர். மூடியைச் சற்றே விலக்கி முழுச் சக்தியில் ஐந்து ஆறு நிமிடம், நடுவில் ஒருமுறை துண்டுகளைத் திருப்ப வேண்டும். மூன்று நிமிடம் ஆறவிட்டுத் தோலையும் முள்ளையும் எடுத்து, நன்றாகப் பிழிந்து உதிர்த்தால் புட்டு பொலபொலவென்று வரும். வெங்காயம், பச்சை மிளகாய், பூண்டு தாளிப்பதெல்லாம் அடுப்பில் இரும்புச் சட்டியில்தான். தாளிப்பின் வாசம் மைக்ரோவேவில் வராது. வரும் என்று சொல்லும் செய்முறைகளை நான் நம்புவதில்லை.

உப்பைக் கடைசியில் போடுங்கள். உப்பு இருந்தால் அலைகள் மேற்பரப்பிலேயே அதிகம் நின்றுவிடும். மேலே சீக்கிரம் காயும், உள்ளே வேகாமல் இருக்கும். கருவாட்டுக் குழம்பைச் சூடாக்கும்போது ஓரம் தளதளவென்று கொதித்து நடுவில் ஆறிக் கிடப்பதற்கு ஒரு காரணம் இது. வெறும் கருவாட்டை இதில் சுட வேண்டாம். ஈரம் குறைந்த பண்டம் சட்டென்று கருகும், அந்த வாசத்தோடு மறுநாள் பிள்ளைக்குப் பால் காய்ச்ச முடியாது.

மீன் குழம்பைச் சூடாக்க முழுச் சக்தி வேண்டாம். 70 சதவீதத்தில் வைத்து, மூடி, பாதியில் துண்டைத் திருப்பிவிட்டால் மீன் இறுகாது, தேங்காய்ப்பாலும் திரியாது. தோலோ ஓடோ மூடிய எதுவும் வெடிக்கும் என்பதை மறக்கக் கூடாது. சினையை முள்கரண்டியால் குத்திவிட்டு வையுங்கள். நண்டின் காலை உடைத்துவிட்டு வையுங்கள். முட்டையை வைக்கவே வேண்டாம். அவித்த முட்டையைச் சூடாக்கினால், வெளியே எடுத்த பிறகு கடிக்கும்போதுகூட வெடிக்கும். வெறும் தண்ணீரும் அப்படித்தான். சுத்தமான கண்ணாடிக் குவளையில் குமிழே வராமல் கொதிநிலையைத் தாண்டிச் சூடேறி, கரண்டியோ காபித்தூளோ பட்டதும் பொங்கி முகத்தில் அடிக்கும். தண்ணீருக்குள் ஒரு மரக்கரண்டியைப் போட்டே வைக்கிறேன், எடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் விடுகிறேன். கைக்குழந்தையின் பாலை மட்டும் இதில் சூடாக்காதீர்கள். புட்டியைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், பாலின் நடுவே வாயைச் சுடும் சூடு இருக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிவிடும், நாட்டுப்படகு மீன் விலை ஏறிவிடும். ஃப்ரீசரில் சேர்த்து வைக்கும் வீடுகள் அதிகம். கட்டியாக உறைந்த மீனை மைக்ரோவேவில் வைத்தால் ஓரம் வெந்து நடுவில் பனியாகவே இருக்கும். பனிக்கட்டி இந்த அலைகளை அவ்வளவாக உறிஞ்சாது, உருகிய தண்ணீர் நன்றாக உறிஞ்சும். முதலில் உருகிய இடமே மேலும் மேலும் சூடாகும். டீஃப்ராஸ்ட் பொத்தான் விட்டுவிட்டு ஓடி, சூடு பரவ நேரம் தருகிறது. அதைவிட நல்ல வழி, உறைய வைக்கும்போதே ஒரு வேளைக்கு ஆன துண்டுகளைப் பையில் ஒரே அடுக்காகத் தட்டையாகப் பரப்பி வைப்பது. உறைந்த மீன் இளகியதும் உடனே சமைத்துவிட வேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ‘லேசா வாசம் மாறியிருக்கு, மைக்ரோவேவுல நல்லா சுட வச்சுட்டா சரியாயிரும்’ என்ற நினைப்பு ஆபத்தானது. சூரை, கானாங்கெளுத்தி, சாளை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உண்டாகும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது, உறைய வைத்தாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். பலர் மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். சோறும் அப்படித்தான்: வெளியே வெகுநேரம் கிடந்த சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியா விடும் நச்சு ஒன்று சூட்டுக்கு அசையாது. சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்க வேண்டாம், மறுபடி சுடவைக்கும்போது உள்வரை 70 டிகிரியைத் தாண்ட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மேலே ஆவி பறப்பதை நம்பாமல், நடுத்துண்டை உடைத்துப் பாருங்கள். (பழைய சோற்றை இதில் சூடாக்குகிறவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களிடம் நான் பேசுவதில்லை.)

புற்றுநோய் வருமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த அலைகள் எக்ஸ்ரே வகை அல்ல. உணவைச் சூடாக்கும், கதிரியக்கம் ஏற்றாது. கதவைத் திறந்த நொடியில் உற்பத்தி நின்றுவிடும். கதவுக் கண்ணாடிக்குள் தெரியும் உலோக வலையின் துளைகள் சில மில்லிமீட்டர், அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். அதனால் வெளியே வர முடியாது. கவலைப்பட வேண்டியது வளைந்த கதவு, இற்ற கீல், சரியாக மூடாத பூட்டு ஆகியவற்றைப் பற்றி. நம் ஊரில் அந்தக் கவலை நியாயமானதே. கதவு லொடலொடத்தால் ஓட்டாதீர்கள்.

செலவுக் கணக்கு பயப்படும்படி இல்லை. 1,200 வாட் இழுக்கும் பெட்டி ஐந்து நிமிடம் ஓடினால் 0.1 யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற கணக்குக்குள் இருக்கப் பார்க்கும் வீட்டுக்கும் ஒரு குழம்பைச் சூடாக்குவது பாரமில்லை. ஆனால் ஒரு கிலோ சோறு பொங்கவோ பருப்பு வேகவைக்கவோ இதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம்; குக்கரே வேகம், குக்கரே சிக்கனம்.

புதிதாக வாங்கப் போகிறவர்களுக்குச் சூடாக்கவும் அவிக்கவும் மட்டும் என்றால் சோலோ வகை போதும். கேக் சுடாத வீட்டுக்குக் கன்வெக்‌ஷன் வீண் செலவு. பெட்டியின்மேல் பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். துருவுக்கு வாரண்டி உண்டா, உள்பக்கத் தகடு துருப்பிடிக்காத எஃகா அல்லது வண்ணம் பூசியதா, சர்வீஸ் ஆள் ராமநாதபுரத்தோடு நின்றுவிடுவாரா அல்லது பாலம் தாண்டிப் பாம்பன் வரை வருவாரா என்று கேளுங்கள். பில் போடுவதற்கு முன்பே கேளுங்கள்.