பரம்பும் பனிச்சறுக்கும்

தஞ்சைப் பக்கத்தில் நடவுக்கு முன் சேற்றைச் சமப்படுத்தப் பரம்படிப்பார்கள். மாடுகள் பலகையை இழுக்க, ஒருவர் அதன்மேல் நின்றபடியே போவார். (டிராக்டர் வந்தபின் இக்காட்சி அருகிவிட்டது, தாத்தாவைக் கேளுங்கள்.) மாட்டின் கால் புதைகிற அதே சேற்றில் பலகை புதைவதில்லையே, ஏன்?

கணக்குப் போடுவோம். 50 கிலோ எடையுள்ளவரின் இரு பாதங்களின் பரப்பு 400 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் 125 கிராமைத் தாங்க வேண்டும். 2 மீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பலகைமேல் அவர் நின்றால் அது 12.5 கிராம்தான்! பலகையின் எடையை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

புதிதாகப் பெய்த பனியிலும் கால் புதையும். ஆகவே பனிநாட்டார் காலில் நீண்ட பலகைகளைக் கட்டிக்கொண்டார்கள். சுவீடனில் கால்வ்டிரெஸ்க் என்னுமிடத்தில் 1924-இல் கிடைத்த பலகைக்கு வயது சுமார் 5,000 ஆண்டு. ‘ஸ்கீ’ என்ற சொல்லே பிளந்த மரத்தைக் குறித்த பழஞ்சொல்லிலிருந்து வந்ததுதான். வேட்டைக்கும் பயணத்துக்கும் உதவியது பிற்பாடு விளையாட்டாயிற்று. 1964-இல் இன்ஸ்புருக் குளிர்கால ஒலிம்பிக்கில் ஜெரமி புஜகோவ்ஸ்கி இந்தியாவின் முதல் வீரராகப் பனிச்சறுக்கில் இறங்கினார்.

சரி, வழுக்குவது எப்படி? வயலில் தண்ணீர் முன்பே நிற்கிறது. பனியிலோ, பலகை உராயும் சூட்டில் மெல்லிய நீர்ப்படலம் உண்டாகிறது. ஆளின் எடை அழுத்துவதால்தான் பனி உருகுகிறது என்று முன்பு சொல்வதுண்டு. அந்த அழுத்தம் அதற்குப் போதாது.

ஸ்கீயின் முன்நுனி ஏன் மேல்நோக்கி வளைந்திருக்கிறது? பரம்பின் முன்விளிம்பு சேற்றில் குத்திக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.