பைக்குக்குப் புது டயர் வாங்கப் போகிறீர்களா?

தினமும் வேலைக்குப் பைக்கில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

• அளவு: பழைய டயரின் பக்கவாட்டில் 80/100-18 என்பதுபோல இருக்கும். 80 மி.மீ. அகலம்; உயரம் அந்த அகலத்தில் 100 சதவீதம்; ரிம் 18 அங்குலம். கம்பெனி சொன்ன அளவையே வாங்குங்கள். அழகுக்காக அகல டயர் போட்டால் மைலேஜ் குறையும், வளைவில் வண்டி திருப்பவும் கனக்கும்.

• வயது: பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு. கடையில் வெகுநாள் கிடந்த டயர் வேண்டாம்.

• பட்டன்: மழையில் தண்ணீரை வெளியேற்றும் ஆழமான பள்ளங்கள் உள்ள சாலை டயரே போதும். மண் பாதைக்கான பெரிய பட்டன் டயர் தார்ச் சாலையில் இரையும், சீக்கிரம் தேயும்.

• டியூப்லெஸ்: ஆணி குத்தினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும். ஆனால், அதற்கேற்ற ரிம் வேண்டும். பெரும்பாலான ஸ்போக் வீல்களுக்கு டியூப் டயர்தான் சரி.

• மாட்டும்போது: டயரிலுள்ள அம்புக்குறி, சக்கரம் முன்னோக்கிச் சுழலும் திசையில் இருக்க வேண்டும்.

• மாட்டியபின்: புது டயர் வழுக்கும். முதல் 150 கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள். வாரம் ஒருமுறை, டயர் சூடாகும் முன் காற்றழுத்தம் பாருங்கள்.

பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் குறி மட்டத்துக்கு டயர் தேய்ந்துவிட்டால், மழைக்காலம் வரை காத்திருக்காமல் உடனே மாற்றிவிடுங்கள்.