ஒரு கிலோ உப்பு எத்தனை நாளைக்கு வரும்?

சேலம் மாவட்டத்து ஓமலூர்ப் பக்கம் யாரிடமாவது உப்பைக் குறைக்கச் சொன்னால், "காட்டுல வெயில்ல வேல செய்யறவங்களுக்கு உப்பு இல்லாம எப்படிங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். எனக்கு ரத்தக்கொதிப்பு என்று தெரிந்ததும் என் மாமியாரும் அதையேதான் கேட்டார். நியாயமான கேள்வி. வியர்வையோடு உப்பும் போகும் என்பது உண்மைதான். ஆனால் நான் காட்டு வேலையை விட்டு வருஷங்கள் ஆகின்றன. இப்போது தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன். சாப்பாடு மட்டும் காட்டில் களை வெட்டிய காலத்து உப்போடு அப்படியே தொடர்ந்தது. உடம்பில் உப்பு கூடினால் தண்ணீரும் கூடவே தங்கும், ரத்த அழுத்தம் ஏறும். "மாத்திரையும் போடணும், உப்பையும் பாதியாக்கணும். ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு ஆகாதும்மா" என்றார் டாக்டர்.

பாதி என்றால் எதில் பாதி? ஒரு நாளைக்கு ஆளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் தூள் உப்பு, ஏறக்குறைய அவ்வளவுதான். நம் அடுப்படியில் எல்லாமே கை அளவு என்பதால் நான் பாக்கெட்டிலிருந்து கணக்கை ஆரம்பித்தேன். புதுப் பாக்கெட்டைப் பிரித்ததும் அதன் மேலேயே பேனாவால் தேதி எழுதிவிடுவேன். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு ஒரே மாதத்தில் தீர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது. 5 கிராம் என்றால் மாதத்துக்கு 600 கிராம்தான் செலவாக வேண்டும். கறி கழுவ, கீரை அலச எடுக்கும் உப்பைத் தனி டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கணக்கு குழம்பிவிடும்.

குழம்பில் குறைப்பது எனக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை. தொட்டுக்கொள்கிற ஐட்டங்கள்தான் பெரும்பாடு. எங்கள் ஊரைச் சுற்றி மரவள்ளிக் காடும் சேகோ ஃபேக்டரியும்தான். வெயில் ஏறிவிட்டால் மொட்டைமாடி முழுக்க ஜவ்வரிசி வடகம் காயும். கஞ்சி காய்ச்சும்போது ருசி பார்த்து, சரியாக இருக்கிறது என்று இறக்குவோம். இரண்டு மூன்று நாள் வெயிலில் தண்ணீரெல்லாம் வற்றிப்போகும். போட்ட உப்பு ஒரு பொட்டுக் குறையாமல் அந்தச் சின்ன வில்லைக்குள்ளேயே நிற்கும். மோர்மிளகாய், கருவாடு, ஊறுகாய் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அப்பளத்தில் உப்போடு சோடாவும் சேரும். சோடாவிலும் சோடியம்தான் இருக்கிறது. இப்போது எங்கள் வீட்டு வடகத்தில் பழைய அளவில் பாதி உப்புதான். காய்ந்தபின் சாப்பிட்டுப் பார்த்த மாமியாரே குறை சொல்லவில்லை. அதிலும் நான் எப்போதாவது ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எனக்கு அதிகம் கைகொடுத்தது, உப்பை எங்கே போடுவது என்று யோசித்ததுதான். ராகிக் களி கிண்டும்போது உப்பே போடுவதில்லை. கடைந்த கீரையிலோ கொள்ளுப் பருப்பிலோ இருக்கிற உப்பு, களி உருண்டைக்கும் சேர்த்துப் போதும். சோற்று உலைக்கும் கிடையாது. மரவள்ளிக்கிழங்கை வெறும் தண்ணீரில் வேகவைத்து, சூட்டோடு தேங்காய்த் துருவலும் நசுக்கிய பூண்டு மிளகாயும் பிரட்டி, கடைசியில் மேலாக ஒரு சிட்டிகை தூவுகிறேன். கிழங்குக்குள் ஊறிய உப்பைவிட மேலே இருக்கும் உப்பு நாக்கில் சட்டென்று தெரியும். புளி, எலுமிச்சை, வறுத்துப் பொடித்த மிளகு சீரகம், நல்லெண்ணெயில் வதக்கிய சின்ன வெங்காயம் எல்லாம் நன்றாகவே ஈடு கொடுக்கின்றன. முதல் சில வாரம் எல்லாமே சப்பென்றுதான் இருக்கும். பொறுத்துக்கொண்டால் நாக்கு பழகிவிடும். அதற்குப் பிறகு கடைத் தட்டுவடை செட் வாயில் கரிக்கும். சேலத்துக்காரிக்கு இதைச் சொல்ல மனசு வலிக்கத்தான் செய்கிறது.

எனக்கு மட்டும் தனிச் சட்டி என்றால் இது ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காது. கஸ்தூரிபாவுக்கு உடம்பு சரியில்லாதபோது, உப்பையும் பருப்பையும் விட்டுவிடச் சொன்னார் காந்தி. உங்களாலேயே அது முடியாது என்று கஸ்தூரிபா சொன்னதும், அந்த இடத்திலேயே தானும் ஒரு வருஷத்துக்கு இரண்டையும் விட்டுவிட்டதாகச் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். என் வீட்டுக்காரர் அவ்வளவு தூரம் போகவில்லை. "எல்லாருக்கும் ஒரே குழம்பு வையி புள்ள, பத்தலைன்னா நாங்க மேல போட்டுக்கறோம்" என்றார். எனக்கு அதுவே பெரிய உதவி.

விருந்துக்குப் போனால், இலை ஓரத்தில் உப்பு வைக்க வரும்போதே வேண்டாம் என்று கையைக் காட்டிவிடுவேன். ஊறுகாய், அப்பளம் கிடையாது. குழம்பு கொஞ்சம், பொரியல் நிறைய, கடைசியில் தயிர் சோறு.

பாக்கெட் தீனி வாங்கும்போது சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. இனிப்பு பிஸ்கட்டிலும் பிரெட்டிலும்கூட இருக்கும்.

இந்துப்பு வாங்கினால் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் விற்பது வேறு. அதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு அது இதயத்துடிப்பையே பாதிக்கக்கூடும். சில பிரஷர் மாத்திரைகளோடும் ஒத்துவராது. உங்கள் மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டிக் கேட்காமல் அந்தப் பாக்கெட்டை வாங்காதீர்கள்.