கிங் நினைவகமும் ஒரு கோடி டாலரும்

சட்டம் இயற்றும் அதிகாரமும் பணம் ஒதுக்கும் அதிகாரமும் மக்கள் மன்றத்திற்கே உரியவை என்று அரசியல் பாடத்தில் படிக்கிறோம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். இவ்விரண்டும் எவ்வளவு தொலைவு விலகி நிற்கக்கூடும் என்பதற்கு, வாஷிங்டன் நகரில் மார்ட்டின் லூதர் கிங்குக்கு நினைவகம் எழுந்த வரலாறு நல்ல சான்று.

1959இல் காந்தியடிகளின் நாட்டைக் காண வந்து, நம் கன்னியாகுமரிக் கடற்கரை வரை சென்ற கிங், 1968 ஏப்ரல் 4ஆம் நாள் மெம்ஃபிஸ் நகரில் சுடப்பட்டு மாண்டார். அவருக்குத் தலைநகரில் நினைவகம் வேண்டும் என்ற கருத்தை 1984இல் முன்வைத்தது அரசன்று. ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்னும் சங்கம். கறுப்பின மாணவர்கள் 1906இல் தொடங்கிய அச்சங்கத்தில் கிங்கும் 1952இல் சேர்ந்திருந்தார். மாணவர்களாகிய நாம் இதைச் சற்றே பெருமையுடன் குறித்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டு ஆண்டுகள் சென்றபின், 1996இல் காங்கிரசு இசைவு தந்தது. அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட அச்சட்டம் நினைவகம் அமைக்க உரிமை வழங்கியது. செலவைச் சங்கமே ஏற்க வேண்டும் என்றும் கூறியது. தலைநகரில் எழும் நினைவுச் சின்னங்களுக்கென 1986இல் இயற்றிய பொதுச் சட்டம் ஒன்று உண்டு. குறித்த காலத்திற்குள் பணம் திரட்டிப் பணியைத் தொடங்க வேண்டும். கட்டடச் செலவில் பத்து விழுக்காட்டைப் பராமரிப்புக்கென்று தனியே செலுத்தவும் வேண்டும். ஆளுக்கொரு சிலை எழுந்து நகரமே நிறைந்துவிடாதிருக்க இப்படி ஒரு கடிவாளம் தேவைதான். ஆனால் நூற்றாண்டுக் கணக்கில் செல்வம் சேர்க்க வழியின்றி ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவருக்கும் அதே அளவுகோலா என்ற கேள்வி எழாமல் இல்லை.

நகரின் நடுப்பகுதியில் இடம்பெற 1998இல் தனித் தீர்மானம் ஒன்று தேவைப்பட்டது. லிங்கன் நினைவகத்திற்கும் ஜெஃபர்சன் நினைவகத்திற்கும் இடையே, நீர்நிலையின் கரையில் நான்கு ஏக்கர் கிடைத்தது. அடிமைகளை விடுவித்தவர் ஒருபுறம், அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர் மறுபுறம்! இடம் கிடைத்தும் பணம் சேரவில்லை. 2003இல் கெடு முடியவே, அதை நீட்டிக்கக் காங்கிரசின் வாயிலில் மீண்டும் நிற்க வேண்டியதாயிற்று.

2005இல்தான் அரசுப் பணம் வந்தது. சங்கத்தார் திரட்டும் நன்கொடைக்கு ஈடாக ஒரு கோடி டாலர் அளிக்க அவ்வாண்டின் நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் வழிசெய்தது. மொத்தச் செலவு ஏறத்தாழ 12 கோடி டாலர். ஆகவே அரசின் பங்கு பன்னிரண்டில் ஒன்று. தொகையைக் காட்டிலும் அதை செனட் அவையில் முன்மொழிந்தவர் யார் என்பதே வியப்பூட்டும் செய்தி.

அவர் மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பேர்ட். இளமையில் கூ கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளையர் வெறிக் கூட்டத்தில் இருந்தவர். 1964இல் குடியுரிமைச் சட்டத்தைத் தடுக்க அவையில் பதினான்கு மணி நேரத்திற்கு மேல் இடைவிடாது பேசியவர். 1968 மார்ச் 29ஆம் நாள், மெம்ஃபிஸ் ஊர்வலத்தில் கலவரம் மூண்ட மறுநாள், கிங்கை அவையில் கடுமையாகச் சாடியவரும் அவரே. அதற்கு ஆறாம் நாள் கிங் உயிருடன் இல்லை.

1983இல் கிங்கின் பிறந்தநாளை விடுமுறையாக்கும் மசோதாவுக்குப் பேர்ட் ஆதரவாக வாக்களித்தார். கிளானில் சேர்ந்தது பெருந்தவறு என்று பலமுறை வருந்தினார். 2005இல் நிதி ஒதுக்கீட்டுக் குழுவில் எதிர்க்கட்சியின் மூத்த உறுப்பினர் என்ற முறையில் கிங்குக்காகப் பணம் கேட்டார். மனம் மாறினாரா, காலத்தின் காற்றைக் கணித்தாரா என்று ஐயுறுவோர் உண்டு. என்னைக் கேட்டால், உள்ளத்தை அளக்க நம்மிடம் கோல் இல்லை. அவைக் குறிப்பேடு இருக்கிறது. 1964இன் பேச்சும் அதில் இருக்கிறது, 2005இன் கோரிக்கையும் இருக்கிறது. ஒன்று மற்றொன்றை அழித்துவிடவில்லை.

பேர்ட் 2010 ஜூன் மாதம் காலமானார். முப்பது அடி உயரக் கற்சிலையுடன் அமைந்த நினைவகத்தை அவர் காணவில்லை. 2011 ஆகஸ்டு 28 அன்று நடக்கவிருந்த அர்ப்பணிப்பு விழா புயலால் தள்ளிப்போய், அக்டோபர் 16ஆம் நாள் நடந்தது. அன்று நாட்டின் அதிபராக நின்று உரையாற்றிய பராக் ஒபாமா, பேர்ட் நிதி கேட்ட 2005ஆம் ஆண்டின் ஜனவரியில்தான் செனட் அவைக்குப் புதிய உறுப்பினராக வந்திருந்தார்.