குலச்சின்னமும் குடும்ப வரலாறும்

சென்ற ஆண்டு தரம் 9 மாணவியருக்கு வரலாற்றுப் பாடத்தில் ஒரு செயற்றிட்டம் கொடுத்தேன். தத்தமது குடும்ப மரத்தை வரைந்து வரவேண்டும். ஒரு மாணவியின் தாளில் வண்ணக் கேடயம் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. அதில் இரண்டு சிங்கங்கள், நடுவில் பிறை, கீழே அவர்களது குடும்பப் பெயர். வெளிநாட்டில் உள்ள அவளது மாமா ஒரு நினைவுப்பொருள் கடையில் பெயரைச் சொல்ல, அவர்கள் அச்சிட்டுக் கொடுத்தார்களாம். அடுத்து வந்த மாணவியின் தாளில் மூன்றே பெயர்கள். மேலே எல்லாம் வெற்றுக் கட்டங்கள். "இதுக்கு மேல யாருக்கும் தெரியா டீச்சர்" என்று தலைகுனிந்து நின்றாள்.

இந்த இரண்டு தாள்களும் பல நாள் என் மேசையில் கிடந்தன. அவற்றுக்குப் புள்ளியிடுவதற்கு முன் நான் தேடிப் படித்தவற்றை உங்களோடும் உங்கள் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

குலச்சின்னம் என்பது 12ஆம் நூற்றாண்டளவில் ஐரோப்பியப் போர்வீரர்களின் கேடயங்களில் தோன்றியது. முகத்தை மறைக்கும் கவசம் அணிந்தவரைச் சின்னத்தால் அடையாளம் கண்டார்கள். நாளடைவில் அது பிரபுக்களின் உரிமையாகியது. இங்கிலாந்தில் இதனைக் கவனிப்பதற்கென்றே 1484இல் மூன்றாம் ரிச்சர்ட் மன்னர் ஒரு நிறுவனத்துக்குச் சாசனம் வழங்கினார். அது இன்றும் லண்டனில் இயங்குகிறது. அங்குள்ள விதியை நாம் கவனிக்க வேண்டும். சின்னம் ஒரு மனிதருக்கும் அவரது வழித்தோன்றல்களுக்கும் வழங்கப்படுகிறதேயன்றி, ஒரு பெயருக்கு வழங்கப்படுவதில்லை. ஒரே குடும்பப் பெயர் கொண்ட ஆயிரம் பேரில் ஒருவருக்கே அந்த உரிமை இருக்கலாம். ஆகவே பெயரைக் கேட்டுச் சின்னத்தை அச்சிடும் கடைக்காரர் விற்பது அழகான ஒரு படத்தை மட்டுமே.

முறைப்படி வழங்கப்பட்ட சின்னங்களாவது வம்சத்துக்குச் சான்றாகுமா? சேக்ஸ்பியரின் கதையைப் பாருங்கள். அவரது தந்தை ஜோன் கையுறை செய்து விற்றவர். 1596இல் அவருக்கு ஒரு குலச்சின்னம் வழங்கப்பட்டது. பெயருக்குப் பொருத்தமாகக் கேடயத்தில் ஓர் ஈட்டி. முன்னோர்கள் ஏழாம் ஹென்றி மன்னருக்குச் சேவை செய்து பரிசு பெற்றவர்கள் என்று அதற்கான வரைவில் எழுதப்பட்டது. அப்படிப் பரிசு பெற்றதற்கான பதிவு எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. தகுதியற்றவர்களுக்குச் சின்னம் கொடுக்கிறார்கள் என்று 1602இல் அதே நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் முறையிட்டபோது, அவரது பட்டியலில் நாடகக்காரரான சேக்ஸ்பியரின் பெயரும் இருந்தது. இன்று அவரை நாம் படிப்பது அந்த ஈட்டிக்காகவா?

நம் நாட்டிலும் இத்தகைய சின்னங்களைக் காணலாம். காலிக் கோட்டையில் உள்ள ஒல்லாந்தர் தேவாலயத்தின் தரையில் கல்லறைக் கற்களும், சுவர்களில் நினைவுப் பலகைகளும் குடும்பச் சின்னங்களோடு உள்ளன. ஆனால் ஒல்லாந்தில் சாதாரண குடிமகனும் தனக்கென ஒரு சின்னத்தை வைத்துக்கொள்ளத் தடை இருக்கவில்லை. எனவே அந்தக் கற்கள் அக்குடும்பங்கள் தம்மை எப்படிக் காட்ட விரும்பின என்பதைச் சொல்கின்றன. அவர்களது பூர்வீகத்தை அவற்றைக் கொண்டு மட்டும் முடிவுசெய்ய இயலாது.

முஸ்லிம் உலகில் வேறொரு வகைச் சின்னம் இருந்தது. 1250 முதல் 1517 வரை எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக்குகள் பெரும்பாலும் சிறுவயதில் அடிமைகளாக வாங்கப்பட்டவர்கள். பெற்றோரையும் ஊரையும் இழந்து வந்தவர்கள் அமீர்களாக உயர்ந்தார்கள். அவர்களது சின்னத்தில் சிங்க வம்சக் கதை கிடையாது. சுல்தானுக்குப் பானம் பரிமாறியவருக்குக் கிண்ணம், செயலாளருக்கு எழுதுகோல் பெட்டி, ஆயுதம் காத்தவருக்கு வாள். பள்ளிவாசல் விளக்குகளில்கூட அந்தக் கிண்ணத்தைக் காணலாம். தாம் செய்த பணியை அவர்கள் மறைக்கவில்லை.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் ஆற்றிய உரையொன்றில், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என வாதிட்டார். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதனை மறுத்து, சோனகரின் முன்னோர் அரபியர் என 1907இல் நூல் எழுதினார். இதன் பின்னணியில் சட்டநிரூபண சபையின் பிரதிநிதித்துவப் பிரச்சினையும் இருந்தது. 1889இல்தான் முஸ்லிம்களுக்கென ஓர் உறுப்பினர் நியமிக்கப்பட்டார். அரபு வணிகர் இத்தீவுக்கு வந்ததும் இங்கே மணமுடித்ததும் வரலாறு. ஆனால் அந்தப் பொது வரலாறு ஒவ்வொரு குடும்பத்துக்கும் எழுதிக் கொடுத்த உறுதி ஆகாது. ஒரு பெயருக்குரிய சின்னம் அப்பெயருள்ள எல்லோருக்கும் உரியதாகாதது போலத்தான் இதுவும்.

இதை நான் வெளியாருக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் "பேருவளையில் இறங்கிய அரபு வணிகர் பரம்பரை" என்ற கதை உண்டு. என் சாச்சிமாருக்குச் சம்பந்தம் பேசும்போதெல்லாம் அது முதலில் எடுத்து வைக்கப்படும். நான் ஆசிரியப் பயிற்சிக்குப் போகும் காலத்தில் வாப்பும்மா ஒருநாள் தன் தகரப் பெட்டியைத் திறந்து, துணியில் முடிந்திருந்த வட்டமான தகரத் துண்டொன்றை என் உள்ளங்கையில் வைத்தார். அதில் ஓர் எழுத்தும் சில எண்களும் பொறிக்கப்பட்டிருந்தன.

"இத கழுத்துல போட்டுக்கொண்டுதான் எங்க வாப்பா இந்தியாவிலிருந்து வந்தாரு மகள். யாருக்கிட்டயும் சொல்லிராத" என்றார்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்குச் சேர்க்கப்பட்ட தொழிலாளருக்கு இத்தகைய துண்டுகள் வழங்கப்பட்டன. போய்ச் சேரவேண்டிய தோட்டத்தை அந்த எழுத்தும் எண்ணும் காட்டும். அதுதான் எங்கள் குடும்பத்துக்கு உண்மையாகவே உரிய சின்னம்.

வாப்பும்மா ஏன் மறைத்தார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பிறகு 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தைப் படித்தபோது விளங்கியது. இங்கே பிறந்த ஒருவர்கூட, தன் தந்தை இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டியிருந்தது. தோட்டங்களில் இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். அந்தக் காலத்தில் ஒரு தகரத் துண்டு வெளியே தெரிந்தால் வீடே கலங்கிப் போகும். அரபுக் கதை பெருமைக்காக மட்டும் பிறந்ததல்ல, பயமும் அதைப் பிறப்பித்தது. அதனால் அவரைப் பொய்க்காரி என்று சொல்ல எனக்கு நா எழாது. ஆனால் அந்தப் பயம் நீங்கிய பின்னும் கதையை மட்டும் வைத்துக்கொண்டு, தோட்டத்திலிருந்து வரும் பிள்ளையைக் குறைத்துப் பார்ப்போமானால், அது நம் சொந்தப் பூட்டனாரைக் குறைத்துப் பார்ப்பதாகும். மனிதர் கோத்திரங்களாக ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்பதை சூரா ஹுஜுராத்தில் ஓதுகிறோமல்லவா?

மாணவியரே, குடும்ப வரலாறு எழுதும்போது கடையில் தொடங்காதீர்கள். உம்மும்மா, வாப்பும்மாவிடம் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி, பழைய கணக்குக் கொப்பி ஆகியவற்றைத் தேடுங்கள். பத்திரத்தில் கண்டதையும் வாய்வழி கேட்டதையும் வெவ்வேறாகக் குறியுங்கள். தெரியாத இடத்தை வெறுமையாக விடுங்கள். பெற்றோரே, பெட்டிகளைத் திறந்து காட்டுங்கள். சொல்லக்கூடிய மூத்தவர்கள் எத்தனை காலம் நம்மோடு இருப்பார்களோ தெரியாது.

கேடயம் ஒட்டிய மாணவியிடம், "படம் அழகு. இது உன் குடும்பத்துக்கு எப்படி உரியது என்று விசாரித்து எழுதி வா" என்று குறிப்பெழுதினேன். மூன்று பெயர் எழுதியவளுக்கு முழுப் புள்ளி கொடுத்தேன். அடுத்த நாள் வாப்பும்மாவின் தகரத் துண்டை வகுப்புக்குக் கொண்டுபோனேன். அது எல்லோர் கைகளிலும் சுற்றி வந்தது. அந்த மாணவிதான் அதை நெடுநேரம் வைத்திருந்தாள்.