மின்சுமையின் ஏற்றமும் இறக்கமும்

மின்சாரம் குதிரிலிட்டுக் காக்கும் நெல் போன்றதன்று; அதன் பெரும்பகுதி பிறந்த கணத்திலேயே செலவாதல் வேண்டும். மக்கள் ஒரே வேளையில் கொள்ளும் மின்சாரத்தின் மொத்த அளவை மின்சுமை என்பர். நீர் இறைக்கும் பொறியும், ஆலையும், மாலை விளக்கும் அதனை ஏற்றியும் இறக்கியும் வைக்கின்றன. சுமை குறைந்தும் உற்பத்தி குறையாவிடின், விநாடிக்கு 50 ஆக நிற்க வேண்டிய மின்னோட்டத்தின் அதிர்வெண் உயரும். சுமை மிகின் அது தாழும். எல்லை கடந்தால் நாடே இருளில் ஆழவும் கூடும். ஆதலின், பொழுது, பருவம், விடுமுறை, சென்ற நாள்களின் அளவு ஆகியவற்றை ஆராய்ந்து, நாளைய சுமையைப் பொறியாளர் இன்றே கணிக்கின்றனர்.

இக்கணிப்புக்கு 2020 ஏப்ரல் 5ஆம் நாள் இந்தியாவில் ஒரு சோதனை நேர்ந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் மக்கள் தம் ஒற்றுமையைக் காட்டும்பொருட்டு, இரவு 9 மணி முதல் 9 நிமிடம் வீட்டு விளக்குகளை அணைக்குமாறு பிரதமர் வேண்டியிருந்தார். சுமை ஏறத்தாழ 13,000 மெகாவாட் குறையும் என மதிப்பிட்டனர். குறைந்ததோ 31,000 மெகாவாட்டுக்கும் மேல்! ஆயினும் மின்கட்டமைப்பு குலையவில்லை. காரணம் யாது? அனல்மின் நிலையங்கள் விரைந்து தணியமாட்டா என்பதை உணர்ந்த பொறியாளர், விரைந்து ஏறவும் இறங்கவும் வல்ல நீர்மின் நிலையங்களை முன்னரே ஆயத்தம் செய்திருந்தனர். அவை மட்டும் 17,000 மெகாவாட்டுக்கு மேல் தணிந்து, விளக்குகள் மீண்டும் எரிந்தபோது உயர்ந்தன.

கணக்குத் தவறியது, காவல் தவறவில்லை. நன்கு கணிப்பது அறிவு. கணிப்புத் தவறினும் தாங்குமாறு ஏற்பாடு செய்வது அதனினும் சிறந்த அறிவு.